கடைசிப் பக்கத்தில் அவள் இருக்கிறாளா?

நாவல் எது கையில் கிடைத்தாலும் கடைசி இரண்டு பக்கங்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பத்துக்குப் போவேன். என் மகளுக்கு இது அறவே பிடிக்காது. "ஏம்மா, கதையைக் கொலை பண்றே!" என்று சண்டைக்கு வருவாள். எனக்கென்னவோ அந்தப் பெண் கடைசியில் பிழைத்திருக்கிறாள் என்று தெரிந்தால்தான் நிம்மதியாக உட்கார்ந்து படிக்க முடிகிறது. அடுப்பில் பால், வாசலில் கீரைக்காரி, உள்ளே அத்தைக்கு மாத்திரை நேரம்... இத்தனைக்கும் நடுவில் மர்மம் வேறு எதற்கு, சொல்லுங்கள்?

இப்படிக் கடைசிப் பக்கங்களாகப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புலப்பட்டது. நம் பெரிய எழுத்தாளர்களுக்கு அருமையான பெண்களைப் படைக்கத் தெரிகிறது. ஆனால் அவர்களில் சிலருக்கு, முந்நூறு பக்கம் அவளை நடக்க விட்ட பிறகு எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது என்றுதான் தெரிவதில்லை. ஆற்றிலோ, நெருப்பிலோ, காசியிலோ விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

'பொன்னியின் செல்வ'னிலிருந்து சொல்கிறேன். 2022-ல் சினிமா வந்ததும் மகளும் நானும் ஐந்து பாகங்களையும் போட்டி போட்டுக்கொண்டு படித்தோம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எங்களால் ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லை! அதிலும் திருத்தணிக்காரர்களுக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. ராஜாதித்த சோழன் யானை மேலிருந்தபடியே உயிர்விட்ட தக்கோலம், இதோ அரக்கோணத்தைத் தாண்டினால் வந்துவிடுகிறது. கதையில் வரும் திருப்புறம்பயம் பள்ளிப்படை ஞாபகமிருக்கிறதா? அந்தப் போரில் சோழருக்குத் துணை நின்று, பின்னால் சோழர் கையிலேயே நாட்டை இழந்தவன் அபராஜித பல்லவன். அவன் காலத்து வீரட்டானேசுவரர் கோயில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. மலைக்குப் படியேறி முருகனைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் பிடித்துப் போய்விடுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

நந்தினி, குந்தவை, பூங்குழலி என்று எத்தனை கெட்டிக்காரப் பெண்கள்! அரசியலே அவர்கள் கையில்தான். ஆனால் எனக்குப் பிடித்தவள் கடம்பூர் மணிமேகலை. வஞ்சகம் தெரியாத பெண். வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். அவளைத்தான் கல்கி சித்தம் கலங்க வைத்து, கடைசி அத்தியாயத்தில் அவன் மடியிலேயே சாக விடுகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அவ செத்ததுனாலதாம்மா வந்தியத்தேவன் மனுஷனாகிறான்" என்றாள் மகள்.

"அவனை மனுஷனாக்கறதுக்கு இவ ஏண்டி சாகணும்?" என்று கேட்டேன். அதற்கு அவளிடம் பதிலில்லை. என்னைக் கேட்டால் கல்கியிடமும் இல்லை. மற்றபடி அந்தப் புத்தகத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாலும் இன்று ராத்திரியே ஆரம்பித்துவிடுவேன், அது வேறு விஷயம்.

அடுத்தது தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. 1966-ல் வந்த புத்தகம். இதை எனக்குச் சிபாரிசு செய்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு செய்தார்கள்! படித்தபோது அப்படி ஒளித்துப் படிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. காவிரியையும் வேதபாடசாலையையும் இந்துவையும் அவர் எழுதியிருக்கும் அழகுக்கு ஈடே கிடையாது. பேச்சு ஒவ்வொன்றும் நம் காதிலேயே விழுகிறது. ஆனால் மூடி வைத்த பிறகு எனக்கு ஏதோ குறைந்தாற்போல இருந்தது. அலங்காரத்தம்மாள் தப்பு செய்தாள், சரி. அந்தப் பாவம் கரைய மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்பினாள், அதுவும் சரி. அவள் மனசுக்குள் என்னதான் ஓடியது? புத்தகம் முழுக்க அவளை அப்பு பார்க்கிறான், கணவர் தண்டபாணி பார்க்கிறார், நாமும் பார்க்கிறோம். அவள் கண் வழியாக நாம் எதையும் பார்ப்பதில்லை. தலைப்பே அவளைப் பற்றியது. வந்த அம்மாள் கடைசியில் காசிக்குப் புறப்பட்டுவிடுகிறாள்.

ஜெயகாந்தனும் இதையே செய்கிறார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. லட்சுமி நடித்த படத்தைப் பலர் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மழை நாளில் ஒரு காரில் ஏறியதற்காக ஊரே கல்லெறிந்தாலும் படித்து, வேலை பார்த்து, நிமிர்ந்து நிற்கிறாள் கங்கா. எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். அதன் தொடர்ச்சியான 'கங்கை எங்கே போகிறாள்' கையில் கிடைத்ததும் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கங்கை ஆற்றோடு போகிறாள்! பெயருக்கு அது பொருத்தமாக இருக்கலாம், அவளுக்குப் பொருத்தமாக இல்லை. சம்பாதித்துத் தனியாக வாழ்ந்து காட்டிய ஒருத்தி, பென்ஷன் வாங்கிக்கொண்டு, காலையில் காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பதை எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மாத நாவல்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யாரையும் செத்துப்போக விடமாட்டார்கள், அது ஒரு புண்ணியம். பிரசவித்த பெண்கள், ராத்திரி பூராவும் கண் விழித்தவர்கள், பகலில் ஒரு மணி நேரம் வேறு உலகத்தில் இருந்துவிட்டு வர அவை வேண்டும்தான். ஆனால் முதல் அத்தியாயத்தில் கன்னத்தில் அறைந்தவனையே கடைசி அத்தியாயத்தில் 'அத்தான்' என்று கட்டிக்கொள்ளும் கதைகளை என்னால் இப்போது படிக்க முடியவில்லை. அறைகிறவன் கல்யாணத்துக்குப் பிறகும் அறைவான். இது எந்தத் தெருவிலும் தெரியும்.

இனி மனசுக்கு நிறைவாக இருந்தவற்றுக்கு வருகிறேன்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' சின்னப் புத்தகம்தான், 1973-ல் வந்தது. இரண்டு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், ஒரு தெரு, கைப்பம்பு, குடம், ஜமுனா, அவள் தங்கை சாயா. கதை என்று எடுத்துச் சொன்னால் இவ்வளவுதான். 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்களே, அப்போது சென்னையிலிருக்கும் என் தங்கை விடிகாலையில் பிளாஸ்டிக் குடங்களோடு லாரிக்கு நின்றாள். அவள் போனில் புலம்பியதெல்லாம் இந்தப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது! தண்ணீர் பிடிப்பது ஒரு வேலை என்று ஒரு ஆண் எழுத்தாளர் கவனித்திருக்கிறாரே என்பதே எனக்கு ஆச்சரியம். இடுப்பில் குடத்தோடு படியேறுகிறவளுக்கு மூச்சு எங்கே வாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜமுனா சினிமா ஆசையில் ஏமாந்தவள். ஒரு கட்டத்தில் உயிரை விடவும் துணிகிறாள். அவளை மீட்பது காதலனோ கடவுளோ இல்லை. அதே தெருவில் குடியிருக்கும் டீச்சரம்மாள்தான். இருமுகிற கிழட்டுப் புருஷன், மாமியார், பள்ளிக்கூடம் என்று தன் பாட்டைச் சொல்கிறாள், அவ்வளவுதான். புத்திமதி கிடையாது. அந்தப் பக்கங்களை நான் மூன்று முறை படித்தேன். நாமும் எத்தனையோ முறை குழாயடியில் ஒருத்தருக்கொருத்தர் இப்படித்தானே உயிர் கொடுத்திருக்கிறோம்! ஜமுனா கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள், சகோதரிகளே. பயமில்லாமல் படிக்கலாம்.

இமையத்தின் 'செல்லாத பணம்' அப்படி இல்லை. 2018-ல் வந்தது, 2020-க்கான சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. இதில் ரேவதி பிழைப்பதில்லை என்று முன்கூட்டியே தெரிந்தும் என்னால் கீழே வைக்க முடியவில்லை. எஞ்சினியரிங் படித்த பெண் ஒரு ஆட்டோ ஓட்டுகிறவனைக் கட்டிக்கொள்கிறாள். அப்பா பள்ளித் தலைமையாசிரியர். கடைசியில் அவள் உடம்பெல்லாம் நெருப்புப் பட்டு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். வெளியே அப்பாவும் அம்மாவும் நிற்கிறார்கள். பணம் இருக்கிறது, எத்தனை லட்சமானாலும் கொடுக்கத் தயார். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

இவளும் சாகிறாளே, இது மட்டும் எப்படிப் பிடித்தது என்று மகள் மடக்கினாள். யோசித்துப் பார்த்தேன். மணிமேகலை செத்தால் கதை அழகாகிறது. ரேவதி செத்தால் எதுவும் அழகாவதில்லை. அந்த வார்டின் வாடை, உறவுக்காரர்களின் பேச்சு, எல்லாம் அப்படியே கிடக்கின்றன. அந்த மாப்பிள்ளை ரவியையும் பேச விடுகிறார் ஆசிரியர். யாரை வெறுப்பது என்றுகூட நமக்குச் சுலபமாகச் சொல்லித் தருவதில்லை. ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தை முன்னாலேயே பேசியிருந்தால் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள். மகள் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. வீட்டில் அந்தப் பெண்ணின் பெயரைக்கூட எடுப்பதில்லை. புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசல் வரை போய் இரண்டு முறை திரும்பினேன். கொடுத்தால் குத்திக்காட்டுவதாக ஆகுமோ என்று தயக்கம். மூன்றாவது தடவை கொடுத்தேவிட்டேன். பதினோரு நாள் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "எங்க வீட்டு மனுஷர் இதைப் படிக்க மாட்டார். நீங்க வந்து சும்மா வாய்வார்த்தையா ஒரு நாள் சொல்லுங்களேன்" என்றார். நானும் என் கணவருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வெயிலைப் பற்றியும் வாழைக்காய் விலையைப் பற்றியும் பேசிவிட்டு வந்தோம். இன்னும் போகவேண்டும்.

(கணவன் வீட்டில் அடியோ மிரட்டலோ இருக்கும் பெண்களுக்காக 181 என்ற எண் இரவு பகலாக இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது வேண்டியிருக்கும்.)

இந்தப் புத்தகத்துக்குப் பிறகு மனசு ஆற வேண்டியிருந்தது. அப்போது கிளை நூலகத்தில் கிடைத்ததுதான் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரம்'. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அதை வசூல் செய்துகொள்ள வேண்டாமா? 1976-ல் வந்த அந்தப் புத்தகத்தை நான் எனக்காக எடுத்துவந்தேன். கடைசியில் அது அத்தையின் புத்தகமாகிவிட்டது.

என் மாமியார் படித்ததெல்லாம் தெலுங்கு. 1960 ஏப்ரல் 1 வரை எங்கள் ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, எல்லையைத் திருத்தி, இந்தப் பக்கம் சேர்த்தார்கள். ஊர் மாறினாலும் அத்தையின் கைக்குத் தமிழ் எழுத்து வரவில்லை. பேசுவார், கேட்பார், படிக்கத் தெரியாது. ராத்திரி அவர் காலுக்குத் தைலம் தடவும்போது ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டினேன். தெலுங்கு தேசத்தில் ஒரு ராஜா தங்கள் வீட்டுப் பெண் சென்னாதேவியைக் கேட்க, மானத்துக்குப் பயந்து ஒரு குடும்பமே ராவோடு ராவாகத் தெற்கே ஓடிவருகிற கதை. ஆற்றங்கரையில் வழி தெரியாமல் நிற்கும்போது ஒரு மரம் வளைந்து அவர்களை அக்கரை சேர்க்கிறது. அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க பாட்டியும் இப்படித்தான் சொல்லும்!" என்று அவர் ஆரம்பித்த கதை நடுநிசி வரை போயிற்று. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு இவ்வளவு கதை தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அதிலும் ஆரம்பத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் கொலையாகிறாள், நகைக்காக. தண்ணீரில் அமுக்கும் திருடனின் கால் கட்டைவிரலைப் பல்லால் கவ்விக்கொண்டு, விடாமலே உயிரை விடுகிறாள். "அது பொம்பளை!" என்றார் அத்தை. ஆனால் அந்த வீட்டின் ஆணிவேர் மங்கத்தாயாரு என்ற கிழவி. நூற்றி முப்பத்தேழு வயசு! தலைமுறைகளைப் பார்த்துவிட்டு, எல்லாக் கதைகளையும் மடியில் கட்டிக்கொண்டு, அதிகாரமாக உட்கார்ந்திருக்கிறாள். நம் நாவல்களில் இத்தனை வயசு வரை ஒரு பெண்ணை யாராவது விட்டுவைத்திருக்கிறார்களா?

இதன் அடுத்த புத்தகமான 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு 1991-ல் அகாதெமி பரிசு கிடைத்தது. நூலகத்தில் கேட்டேன், வெளியே போயிருக்கிறதாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு மகள் போகும்போது வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அத்தைக்குத் 'தண்ணீர்' வாசித்துக் காட்டலாமென்று எடுத்து வைத்திருக்கிறேன். முதல் கேள்வியே, "அந்தப் பொண்ணு பொழைச்சாளா?" என்றுதான் கேட்டார். பிழைத்தாள் என்று சொல்லிவிட்டு முதல் அத்தியாயத்தை ஆரம்பித்தேன்.