பரணிலிருந்த பூட்டு

திண்டுக்கல் அபிராமி அம்மன் சந்நிதியில் அந்த வெள்ளிக்கிழமை மாலை அர்ச்சனைச் சீட்டை நீட்டிய பெரியவர், பேத்தியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு ஒரு கணம் தயங்கி நின்றார். மறுநாள் காலையில் அவளுக்குப் பள்ளி நேர்காணல். எதைக் கொண்டு செல்வது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

விடுதியோடு கூடிய பள்ளி அது. ஒன்பதாம் வகுப்பில் சேர வரும் பிள்ளைகள், தம் மனத்துக்கு நெருக்கமான பொருள் ஒன்றைக் கொண்டுவந்து, அதைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச வேண்டுமாம். (எட்டாம் வகுப்பு வரை இத்தகைய வடிகட்டல் கூடாதென்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. அதற்கு மேல் பிள்ளைகளுக்கு அந்தக் காவல் இல்லை.) தந்தை கேடயங்களை எடுத்து அடுக்கினார், ஸ்லோகப் போட்டியில் பெற்றது ஒன்று, ஓட்டப் பந்தயத்தில் பெற்றது ஒன்று. எல்லா வீட்டு அலமாரிகளிலும் மின்னுகின்ற அதே கேடயங்கள்தாம். அப்பத்தா பூஜை மாடத்து அம்பாள் படத்தை எடுத்து நீட்டினார். சிறுமி எதையும் மறுக்கவில்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. பரணில் கிடந்த மாங்காய்ப் பூட்டைக் கேட்டாள்.

"அது வேண்டாம் தாயி" என்றார் பெரியவர். குரல் சற்றுக் கடுமையாகவே வந்தது.

ஒரு நூற்றாண்டைக் கடந்த தொழில் அது. திண்டுக்கல்லின் பட்டறைகளில் தகட்டை வெட்டி, ஒவ்வொரு லீவரையும் சாவிக்கு இசைய அரத்தால் ராவி, கையாலேயே பூட்டு செய்தார்கள். மாங்காய்ப் பூட்டு, திருப்புந்தோறும் மணியடிக்கும் மணிப்பூட்டு என்று எத்தனையோ வகை. கோயில் கதவுகளுக்கும் உண்டியல்களுக்கும் இவ்வூர்ப் பூட்டென்றால் தனி நம்பிக்கை. பிறகு அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்தன. 2019ஆம் ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தத்தோடு திண்டுக்கல் பூட்டும் புவிசார் குறியீடு பெற்றபோது, பெரியவரின் பட்டறை மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மகனை அவர் அரத்தைத் தொடவே விட்டதில்லை. கைரேகைக்குள் கரி ஏறினால் அது போகாது என்பார்.

பரணிலிருந்தது, பதினேழு வயதில் அவர் முதன்முதலாகத் தனித்துச் செய்தது. விற்பனைக்கு ஆகாதென்று முதலாளி ஒதுக்கியது. அவசரமாகத் திருப்பினால் சாவி திக்கும். படித்த பெரியவர்கள் முன்னால் அது திறக்காமற் போனால் பேத்தி தலைகுனிவாளே என்ற அச்சம் ஒருபுறம். பட்டறைக்காரன் பேத்தி என்று அவளைக் குறைவாக எண்ணிவிடுவார்களோ என்ற, வெளியே சொல்ல முடியாத அச்சம் மறுபுறம்.

அர்ச்சனை முடிந்தது. சந்நிதியை விட்டு வெளியே வந்தபோது மலைக்கோட்டை இருளத் தொடங்கியிருந்தது. அந்த மலைமேல் உள்ள கோயிலில் இப்போது மூர்த்தமில்லை. சுவாமியும் அம்பாளும் கீழே, ஊருக்கு நடுவிலேயே அருள்பாலிக்கிறார்கள். பெரியவர் சிறிது நேரம் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிரசாதக் குங்குமத்தை மடித்து வைத்துக்கொண்டு, கடைத்தெருவுக்குள் நுழைந்து சிறு குப்பியில் எண்ணெய் வாங்கினார்.

அன்றிரவு துரு துடைத்து எண்ணெய் விட்டார். "மெதுவாத் திருப்பணும். திக்குனா மல்லுக்கட்டக் கூடாது, ஒரு மயிரிழை பின்னால இழுத்துட்டுத் திருப்பு" என்றார். அவள் பத்து முறை திறந்தாள்; எட்டு முறை திறந்தது.

மறுநாள் பள்ளி வாசல் வேப்பமரத்தடியில் அவர் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். வெளியே வந்த சிறுமியின் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுகொள்ள முடியவில்லை.

"திறந்துச்சா?"

"முதல்ல திக்குச்சு தாத்தா. நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன். அப்புறம் ஒரு ஐயா தானே திறந்து பார்க்கறேன்னு கேட்டு வாங்கினாரு. அவருக்குத் திறக்கவேயில்லை." சற்று நிறுத்தினாள். "உள்ளே எத்தனை லீவர்னு கேட்டாங்க. ஆறுன்னு சொன்னேன். சரிதானே?"

"எட்டு" என்றார் பெரியவர்.

அவள் முகம் வாடியது. பேருந்தில் இருவரும் அதிகம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே அரங்கள் துணியில் சுற்றியபடி இருந்தன. மாங்காய்ப் பூட்டின் ஆணிகளைத் தட்டி எடுத்து, மேல்தகட்டை விலக்கி, லீவர்களை ஒவ்வொன்றாகத் தாம்பாளத்தில் பரப்பினார். பேத்தி விரல் வைத்து எண்ணினாள். வேலையிலிருந்து திரும்பிய மகன் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைகூட மாற்றாமல் அருகில் வந்து உட்கார்ந்தார்.