இரண்டு அன்னம்மாள் கோயில்கள்

ஜூலை பிறந்துவிட்டால் பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "அன்னம்மாள் திருநாளுக்கு எந்த நாள் போகிறீர்கள்?" என்பதாகவே இருக்கும். தீவில் ஆலயங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அந்தத் திங்களில் மக்கள் கூட்டம் கடல் கடந்து பெருநிலம் சென்று, புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில் உள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்தையே நாடிப் போகும். ஜூலை 26ஆம் நாளை ஒட்டி நடக்கும் அவ்விழாவில் மெழுகுவத்தி ஏந்தி நடப்போரிற் சீனரும் தமிழரும் யுரேசியரும் உண்டு. கிறித்தவர் அல்லாதாரும் உண்டு. தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை ஏறிய கால்களே ஜூலையில் அன்னம்மாளின் ஊர்வலத்திலும் நடப்பதைப் பினாங்கில் யாரும் வியப்பாகக் கருதுவதில்லை.

அந்தத் திருத்தலம் பிரெஞ்சு மறைத்தொண்டர் வைத்த விதை. பழைய ஆலயம் 1888ஆம் ஆண்டு எழுந்தது. இன்றுள்ள பெரிய ஆலயம் 2002ஆம் ஆண்டினது. 2019ஆம் ஆண்டு அதற்குப் பசிலிக்கா என்னும் தகுதி கிட்டிற்று. பிரெஞ்சுக் குருமார்களுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பழையது. அவர்கள் நடத்திய குருமடம், சயாமின் அயுத்தியாவிற் பிறந்து, புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்திற் சில காலம் தங்கி, 1808ஆம் ஆண்டு பினாங்கில் வேரூன்றியது. எனவே பாட்டனார் காலத்திலேயே தமிழிற் பாவசங்கீர்த்தனம் கேட்கத் தெரிந்த வெள்ளைக்காரச் சாமியார் இத்தீவுக்குப் புதியவர் அல்லர்.

ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் ஒரு தம்பதியரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் துறைமுகக் கிடங்கிற் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அம்மையார் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஆதலால் கணவரும் அவரை "டீச்சர்" என்றே அழைப்பார். பினாங்கு ரோட்டுப் புனித சவேரியார் ஆலயத்தில் 1980ஆம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை.

புனித அன்னம்மாளைப் பற்றி விவிலியத்தில் ஒரு வரியும் இல்லை. மரியாளின் தாய் அவர் என்பதும், நெடுங்காலம் மகவின்றி வாடிய பின்னரே அவர் மரியாளை ஈன்றார் என்பதும் பழைய மரபுவழிச் செய்திகள். ஆகையாற்றான் பிள்ளை இல்லாதோர் அவரை நாடுகின்றனர். அம்மையாரும் நாடினார். மணமான மறு ஆண்டு தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் ஒரு மெழுகுவத்தி, ஒரே வேண்டுதல். நாற்பத்தைந்து வயது கடந்தபோது வேண்டுதல் தானாகவே நின்றது. மெழுகுவத்தி நிற்கவில்லை. கேட்பதற்கு எதுவும் இல்லாத பின்னும் ஒருவரைப் பார்க்கப் போவது நட்புக்கு அடையாளம் என்று அவர் ஒருமுறை சொன்னதுண்டு.

கணவரின் நிலை வேறு. அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார். வாயிலில் மனைவியை இறக்கிவிடுவார். பிறகு எதிரே தேநீர்க் கடையில் அமர்ந்து, பூசை முடியும்வரை செய்தித்தாள் படிப்பார். கடவுளை மறுத்துப் பேசியவர் அல்லர். சண்டை போட்டவரும் அல்லர். பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார், அவ்வளவே. இளமையிற் சவேரியார் ஆலயப் பாடற்குழுவிற் பாடியவர் அவர். அந்தக் குரலை ஆலயம் கேட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

2018ஆம் ஆண்டின் தவக்காலத்தில் புண்ணிய பூமிக்கு ஒரு திருப்பயணக் குழு புறப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, அம்மையார் சீட்டுப் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கணவர் மறுக்கவில்லை. துணைக்கு வருவதாகச் சொன்னார். மலேசியக் கடவுச்சீட்டில், இசுரேல் தவிர்த்த எல்லா நாடுகளுக்கும் செல்லத்தக்கது என்னும் வாசகம் அச்சிடப்பட்டிருக்கிறது. கிறித்தவத் திருப்பயணிகள் உள்துறை அமைச்சின் தனி அனுமதி பெற்றே அங்கே போக வேண்டும். ஆலயத்தின் பரிந்துரை, படிவம், காத்திருப்பு என்று நாள்கள் ஓடின. நாற்பதாண்டுக் காலம் சரக்குச் சீட்டுகளோடு உறவாடிய மனிதர் ஆகையால் படிவங்களை எல்லாம் அவரே நிரப்பினார். அந்தப் பயணத்தில் அவருக்கு மனம் ஒன்றிய பகுதி அதுவரை அதுவாகத்தான் இருந்தது.

குழுவிற் சீனரே மிகுதி, தமிழர் எண்மர். அம்மான் நகரில் இறங்கி, மதாபா ஊரின் ஆலயத் தரையில் ஆறாம் நூற்றாண்டில் வண்ணக் கற்களாற் பதித்த நிலப்படத்தைக் கண்டனர். அடுத்து நேபோ மலை. ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். நம் கொடிமலையைவிடத் தாழ்ந்ததே. நாற்பதாண்டு பாலைவனத்தில் மக்களை வழிநடத்திய மோசே, வாக்களிக்கப்பட்ட நாட்டை இம்மலைமேல் நின்று கண்ணாற் கண்டார், காலால் மிதிக்கவில்லை. கீழே சாக்கடல் ஈயத் தகடுபோற் கிடந்தது. அப்பால் எரிக்கோவின் பசுமை. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"பாக்க விட்டாரு, போக விடல. நல்ல நியாயம்" என்றார்.

"மோசே கோவிச்சுக்கிட்டதா எழுதலையே" என்றார் அம்மையார்.

"எழுதினது மோசேதான்னு சொல்றாங்க. தன்னப் பத்தி எழுதிக்குவாரா?"

குருவானவர் கேட்டுச் சிரித்தார். சினமாக வந்ததேனும் அது ஒரு பேச்சு. அம்மையாருக்கு அதுவே போதுமாயிருந்தது.

யோர்தான் நதி பலருக்கும் ஏமாற்றம் அளிக்கும் என்பது உண்மை. திருமுழுக்குத் தலத்தில் அது சில மீட்டர் அகலமே உடைய கலங்கல் ஓடை. "நம்ம சுங்கை பினாங்கு இதவிடப் பெருசு" என்று குழுவில் ஒருவர் சொல்ல, எவரும் மறுக்கவில்லை. அக்கரையிலும் திருப்பயணிகள் வெள்ளுடையுடன் நீரில் இறங்கிக்கொண்டிருந்தனர். கூப்பிட்டாற் கேட்கும் தொலைவுதான். இடையில் இரு நாடுகளின் எல்லை. அக்கரை செல்ல வேண்டுமாயின் பாலம், சோதனைச் சாவடி, விசாரணை எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும். சுற்றிக்கொண்டுதான் போனார்கள். கடவுச்சீட்டில் முத்திரை விழவில்லை. தனித்தாளில் அனுமதி தந்தனர்.

கலிலேயாக் கடல் மட்டும் பினாங்குக்காரர்களுக்கு உடனே உறவாகிவிட்டது. பெயர்தான் கடல், உண்மையில் நன்னீர் ஏரி. 21 கிலோமீட்டர் நீளம், அகன்ற இடத்தில் 13 கிலோமீட்டர். பினாங்குப் பாலத்தின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவே என்று துறைமுகக் கணக்கர் உடனே ஒப்பிட்டுச் சொன்னார். ஆனால் இந்நீர்ப்பரப்பு கடல் மட்டத்திற்கு 200 மீட்டருக்கும் கீழே குழிந்து கிடக்கிறது. சுற்றியுள்ள மேட்டுநிலத்துக் குளிர்காற்று திடீரெனச் சரிந்து இறங்குவதாற்றான் அங்கே சொல்லாமற் புயல் எழுகிறது. படகிற் சீடர்கள் நடுங்கியது கோழைத்தனத்தால் அன்று, தொழில் தெரிந்ததால் என்று அவர் விளக்கியபோது குழுவினர் காது கொடுத்துக் கேட்டனர்.

கானாவூரில் ஒரு வழக்கம் உண்டு. இயேசு திருமணப் பந்தியில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய ஊர் ஆதலால், அங்கு வரும் தம்பதியர் தம் மண வாக்குறுதியைப் புதுப்பிப்பர். இவர்களும் கைகோத்து நின்றனர். இன்பத்திலும் துன்பத்திலும் பிரியாதிருப்பதை மீண்டும் சொல்லினர். குருவானவர் ஆசி அளித்தார். வெளியே வந்ததும் அவர் மெல்லச் சொன்னார்:

"அந்தக் கேள்விய விட்டுட்டாரே, டீச்சர்."

அம்மையாருக்கு விளங்கிற்று. கத்தோலிக்கத் திருமணச் சடங்கில், இறைவன் அருளும் பிள்ளைகளை அன்போடு ஏற்றுக்கொள்வீர்களா என்று மணமக்களைக் கேட்பதுண்டு. 38 ஆண்டுகளுக்குமுன் இருவரும் உரத்த குரலில் ஒப்புக்கொண்ட கேள்வி அது. புதுப்பிக்கும்போது அதைக் கேட்கவில்லை.

"கேட்டிருந்தா என்னங்க சொல்லியிருப்பீங்க?"

அவர் விடை சொல்லவில்லை. கடையில் மாதுளைச் சாறு வாங்கி மனைவிக்குக் கொடுத்தார்.

நாசரேத்தும் பெத்லகேமும் நெரிசலிற் கழிந்தன. பெத்லகேமின் பிறப்பு ஆலயத்திற்குள் நுழையும் வாயில் ஓர் ஆளின் மார்பளவே உயரம். அரசனும் குனிந்தே நுழைய வேண்டும். முழங்கால் வலியால் அம்மையார் தடுமாற, பின்னே வந்த கணவர் தாங்கிப் பிடித்தார். எருசலேமில், ஒலிவ மலைமீது ஒரு கன்னியர் மடம். ஆண்டவர் கற்பித்த செபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் எழுதப்பெற்று, அதன் சுவர் நெடுகப் பதிந்திருக்கிறது. தமிழ் ஓட்டைத் தேடிக் கண்ட அம்மையார், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். முன்பின் அறியாத ஆப்பிரிக்கப் பெண்மணி ஒருவர் அருகில் நின்று அதைக் கேட்டுவிட்டுக் கைதட்டினார்.

மறுநாட் காலை அவர்கள் சென்ற இடம் எருசலேமின் அன்னம்மாள் கோயில். பழைய நகரின் சிங்க வாயிலருகே, சிலுவைப் போர்க்காலத்திற் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த கற்கோயில். மரியாள் பிறந்த இடம் இதன் நிலவறையே என்பது மரபு. சலாகுதீன் 1192ஆம் ஆண்டு இதனை இசுலாமியக் கல்விக்கூடமாக்கினார். அக்கல்வெட்டு வாயிலின்மேல் இன்னும் இருக்கிறது. 1856ஆம் ஆண்டு துருக்கி சுல்தான் இதனைப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்குக் கொடையாக அளித்தார். ஆக, புக்கிட் மெர்தாஜாமில் மட்டுமன்று, இங்கும் அன்னம்மாளின் வீட்டுச் சாவி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருக்கிறது.

கோயிலை ஒட்டியே அகழ்ந்தெடுத்த பெத்சதா குளம். ஆழமான குழிகளும் இடிந்த வளைவுகளும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைக் குருவானவர் வாசித்தார். குளத்தைச் சுற்றிலும் நோயாளிகள் திரளாகக் கிடக்கிறார்கள். அவர்களுள் 38 ஆண்டுகளாக நோயுற்ற ஒருவனை இயேசு குணமாக்குகிறார். 38 என்ற எண்ணைக் கேட்டதும் அம்மையார் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையுயர்த்திக் கேட்டார்:

"ஃபாதர், மத்தவங்க?"

"யாரு மத்தவங்க?"

"திரளா கெடந்தாங்கன்னு படிச்சீங்க. ஒருத்தன் எழுந்து போய்ட்டான். மத்தவங்க என்ன ஆனாங்க?"

குருவானவர் கையிலிருந்த நூலை ஒருமுறை பார்த்தார். வேறொருவராயின் ஏதேனும் அழகாகச் சொல்லிச் சமாளித்திருப்பர். அவர் அப்படிச் செய்யவில்லை. "அவங்களப் பத்தி இங்க ஒண்ணும் எழுதல ஐயா. எனக்கும் தெரியல" என்றார்.

அவர் தலையசைத்தார். பல ஆண்டுகளாக ஒருவர் வாயிலிருந்து கேட்க விரும்பிய சொல் அதுதான் போலும்.

கோயிலுக்குள் நுழைந்தனர். ஓவியம் இல்லை, பொன் இல்லை. வெறுங்கல் தூண்களும் வளைவுகளும் மட்டுமே. இக்கோயிலின் எதிரொலி உலகப் புகழ் பெற்றது. ஒருவர் பாடி நிறுத்திய பின்னும் குரல் பல வினாடிகள் கல்லில் உலவிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு குழுவும் அங்கே பாடிவிட்டே போகும். பினாங்குச் சீனர்கள் முதலிற் பாடினர். பின்பு குருவானவர் தமிழர் பக்கம் கைகாட்டினார். எண்மரும் ஒருவரையொருவர் பார்த்தனர். அம்மையார் தயங்கி, திருநாள் ஊர்வலத்திற் பாடும் மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கினார். பல்லவி கூரைவரை எழுந்து திரும்பி வந்தது. முதற் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தின் வாயிலில் அவருக்கு அடி மறந்துவிட்டது. எதிரொலி மட்டும் மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது.

கடைசித் தூணின் பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல் அச்சரணத்தை எடுத்தது. கரகரத்த குரல், சுருதி சற்றுக் கீழே நின்றது. ஆனால் சொற்கள் ஒன்றும் பிசகவில்லை. மற்றவர்கள் பின்தொடர்ந்தனர். அம்மையார் பாடவில்லை, கேட்டுக்கொண்டு நின்றார்.

அன்றிரவு விடுதியில், அதைப் பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நீ சரணத்த மறந்துட்ட, அதான்." அம்மையாரும் மேலே கேட்கவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.

அதே ஆண்டு ஜூலை மாதம் வழக்கம்போல வண்டி புக்கிட் மெர்தாஜாம் சென்றது. மழை தூறிற்று. சாலையோரமெங்கும் கடைகள், எங்கும் மெழுகு உருகும் வாசனை. ஆலய வாயிலில் அவர் மனைவியை இறக்கிவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர், தேநீர்க் கடைப் பக்கம் திரும்பாமல், மெழுகுவத்திக் கடைமுன் நின்றிருந்த அம்மையாரின் அருகில் வந்தார்.

"ரெண்டா வாங்கு, டீச்சர்."

"இன்னொண்ணு யாருக்குங்க?"

"அந்தக் குளத்தங்கரையில மீதி கெடந்தாங்களே, அவங்களுக்கு."

அம்மையார் பணப்பையைத் திறந்து, இன்னொரு மெழுகுவத்திக்கு வெள்ளியை எண்ணிக் கொடுத்தார்.