விழா நாளும் முகத்தின் நிறமும்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

ஆண்டு மலருக்கு அழகுக் குறிப்புகள் எழுதப் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் வகுப்புச் சிஸ்டர் முதலில் சிரித்தார்கள். பிறகு, "எழுதுங்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். சோப்பு விளம்பரத்தில் வருவதை இங்கே எழுத வேண்டாம்" என்றார்கள். சென்ற ஆண்டு மலரில் இரண்டு பக்கம் கோலம் வந்தது. ஒரு பக்கம் சிரிப்புத் துணுக்குகள் வந்தன. முகத்தைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. பள்ளி விழா, பங்கு விழா, கிறிஸ்துமஸ் நாடகம், அக்காள்மார் திருமணம் என்று ஆண்டு முழுவதும் எங்கள் முகங்கள் படும் பாட்டை நாங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது? ஆகவே துணிந்துவிட்டோம்.

முதலில் பவுடர். எங்கள் தூத்துக்குடியில் காலை எட்டு மணிக்குப் பூசிய பவுடர் ஒன்பது மணிப் பிரார்த்தனைக்குள் வியர்வையில் திட்டுத் திட்டாகி, கழுத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். கடற்காற்றில் உள்ள ஈரம் அப்படி. பவுடரின் வேலை எண்ணெய்ப் பளபளப்பையும் ஈரத்தையும் உறிஞ்சுவதுதான். அதற்கு ஒரு சிட்டிகை போதும். முகம் கழுவி, துண்டால் ஒற்றி (தேய்க்கக் கூடாது!), நன்றாக உலர்ந்த பிறகு மெல்லிய துணியால் தொட்டு வைத்தால் நிற்கும். மாநிறத்தவரும் கறுப்பு நிறத்தவரும் வெள்ளைப் பவுடரை அப்பிக்கொண்டால் முகம் வெளுப்பதில்லை, சாம்பல் பூத்தாற்போல் ஆகிறது. இதைக் கண்ணாடி சொல்லாது. குழல் விளக்கின் கீழ் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

மேடை ஒப்பனை வேறு சங்கதி. முன்னாலிருந்து பலமான விளக்கு விழும்போது முகத்தின் மேடு பள்ளம் எல்லாம் அழிந்து, கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கண்ணும் வாயும் தெரியாமற் போகும். அதை மீட்கவே புருவத்துக்கு மையும் உதட்டுக்குச் சாயமும் கன்னத்துக்குச் சிவப்பும். பழைய கூத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 'அரிதாரம்' என்று இன்றும் நாம் சொல்லும் சொல், உண்மையில் அவர்கள் பூசிய ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். அது கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த பொருள், நஞ்சு! எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் அவர்கள் முகம் பொன்போல் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக நஞ்சைப் பூசினார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் நமக்கு வேறொரு கட்டாயம் இருந்து வந்தது. ஒவ்வோர் ஆண்டும் நாடகத்துக்கு வெளியிலிருந்து ஒப்பனைக்காரர் வருவார். அவரிடம் ஒரே நிறத்தில் ஒரு டப்பா இருக்கும், இளஞ்சிவப்பு. வரிசையில் நிற்கும் முப்பது பேருக்கும் அதே நிறந்தான். சிவந்த பெண்களுக்கு அது கொஞ்சம் ஒத்துப்போகும். மற்றவர்களுக்கு முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். வேடம் கொடுப்பதிலும் இந்தக் கணக்கு உண்டு. சம்மனசுகள் என்றால் சிவப்பாக இருக்க வேண்டும். இடையர்களும் ஒட்டகக்காரனும் எப்படியும் இருக்கலாம். மூன்று ராஜாக்களில் பல்தசார் கறுப்பர் என்று ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்து வைத்தார்கள் அல்லவா? அந்த வேடத்துக்கு எங்கள் வகுப்பில் என்றுமே ஆள் பஞ்சம் வந்ததில்லை.

இந்த ஆண்டு ஒப்பனையை நாங்களே செய்துகொள்கிறோம் என்று கேட்டு அனுமதி வாங்கினோம். செலவு குறையும் என்று சொன்னது மதருக்குப் பிடித்திருந்தது. இரண்டு டப்பா வாங்கினோம்: ஒன்று கோதுமை நிறம், மற்றது வறுத்த காப்பிக்கொட்டை நிறம். ஐஸ்குச்சியால் இரண்டிலும் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் கலந்து, தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுப் பார்ப்போம். கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தால் அதுவே அவளுடைய நிறம். சம்மனசுகள் ஆறு பேர், ஆறு கலவை. விரலை டப்பாவுக்குள் விடக் கூடாது, ஒருத்தியின் பஞ்சு இன்னொருத்தி முகத்தில் படக் கூடாது என்று சட்டம் வைத்தோம். கண்மைக்கு அதைவிடக் கடுமையான சட்டம், அவரவர் மை அவரவருக்கே. ஒரு மைக்குச்சி பத்துக் கண்களைத் தொட்டால் மெட்ராஸ் ஐ பரவ வேறு வழியே தேட வேண்டாம்.

மாதா வேடம் போட்டவள் எங்களில் மிகத் தெளிவாக வசனம் பேசுகிறவள், நல்ல கறுப்பு. நாடகத்துக்கு அரை மணி முன்னால் அவள் அம்மா உள்ளே வந்துவிட்டார்கள். "கொஞ்சம் வெள்ளையாப் போட்டு விடுங்கம்மா. மாதா கறுப்பா இருந்தா பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார்கள். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசும் பழக்கம் இல்லை. அருகில் இருந்த நூலகச் சிஸ்டர்தாம் பேசினார்கள். 1531-ஆம் ஆண்டு மெக்சிகோவில் காட்சி தந்த குவாதலூப்பே மாதா மாநிறம் என்றும், அந்நாட்டு மக்கள் அந்த நிறத்தைச் சொல்லியே மாதாவைச் செல்லமாக அழைக்கிறார்கள் என்றும், போலந்து நாட்டில் செஸ்டகோவா மாதாவின் திருமுகம் அதைவிடக் கறுப்பு என்றும் சொன்னார்கள். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனாலும் மனம் சமாதானம் ஆகவில்லை. அப்போது மாதாவே வாயைத் திறந்தாள்: "ஏம்மா, முகத்துக்கு வெள்ளை பூசினா கைக்கு என்ன செய்ய? குழந்தையைத் தூக்கிக் காட்டணுமே!" எல்லாரும் சிரித்துவிட்டோம். அம்மாவும் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்து நாடகம் முடியும் வரை தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் வாசலில் எங்களை நிறுத்தி, அந்தக் காப்பிக்கொட்டை நிற டப்பா எந்தக் கடையில் வாங்கியது, என்ன விலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தை மாதம் மூத்த மகளுக்குத் திருமணம்.

பூசுவதில் வரும் தவறு கழுவினால் போய்விடும். கிரீமில் வரும் தவறு அப்படிப் போவதில்லை. இதை எழுதச் சொன்னவள் எங்களில் ஒருத்தி. பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அவள் அக்காளுக்கு நிச்சயம் ஆனபோது உறவுக்கார அத்தை ஒருவர் பெயர் ஒட்டாத சிறு டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் முகம் வெளுத்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நான்காம் மாதம் கன்னம் இரண்டும் சிவந்து, பொடிப் பொடியாகப் பரு வந்து, மெல்லிய இரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரிந்தன. காலைப் பிரார்த்தனையில் வெயிலில் நிற்க முடியாமல் கண்ணீர் விடுவாள். கிரீமை நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடிற்று. தோல் மருத்துவர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: ஸ்டீராய்டு. சொறி, கரப்பான் போன்ற நோய்களுக்குச் சில நாட்கள் மட்டும் பூச வேண்டிய மருந்தை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்துவிடுமாம். 2018-இல் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மைய அரசு ஆணையிட்டது. ஆனால் பெயரில்லாத டப்பாவுக்கு எந்தச் சட்டம் தெரியும்? இப்போது அவளுக்குப் பெரும்பாலும் குணமாகிவிட்டது. ஆனால் அக்காள் திருமண ஆல்பத்தில் அவள் ஒரு படத்திலும் இல்லை. மூன்று நாளும் சமையற்கட்டிலேயே இருந்துவிட்டாள்.

வெளுக்க வைக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் சேர்ப்பதும் உண்டு. தோலில் நிறம் உண்டாவதைப் பாதரசம் தடுக்கிறது. உடலுக்குள் இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. ஜப்பானில் பாதரசக் கழிவால் பாழான ஊரின் பெயரால் 2013-இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய கிரீம்களுக்கு 2020-ஐக் கெடுவாக வைத்தது. அப்படியும் 2023-இல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறுடன் வந்த சிலர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டார்கள். ஆகவே செய்தவர் முகவரி, சேர்மானம், காலாவதித் தேதி மூன்றும் அச்சிடாத எதையும், கொடுப்பது எவ்வளவு அன்பான அத்தையானாலும், முகத்தில் வைக்க வேண்டாம். நாடெங்கும் விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-இல் வந்தது. 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. சிவப்பு என்று பொருள்படும் அந்த ஒரு சொல்லை எடுக்க 45 ஆண்டுகள்!

இனிப் பருவங்கள். சித்திரை, வைகாசியில் எல்லாரும் ஒரு படி கறுப்போம். வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே போய்க் கெடுதல் செய்யாதபடி தோல் மெலனின் என்னும் நிறப்பொருளைக் கூடுதலாகச் செய்கிறது. மெலனின் செய்யும் செல்கள் சிவந்தவருக்கும் கறுத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை செய்யும் அளவிலும் வகையிலுந்தான் வேறுபாடு. எங்களில் நால்வருடைய அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில். இரண்டுக்கும் நடுவில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். மே மாதத்தில் அவர்கள் முகத்தில் ஏறும் நிறத்தை அழுக்கைப்போல் தேய்த்து எடுக்கச் சொல்லும் குறிப்புகளைப் படிக்கும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. எலுமிச்சம்பழத்தைத் தேய் என்கிறார்கள். அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்து கொப்புளமே வரலாம். வெயிலுக்கு நல்லது குடை, முழுக்கைச் சட்டை, முடிந்தவர்களுக்குச் சன்ஸ்கிரீன். அதைப் புறப்படுவதற்குக் கால் மணி முன் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். எறிபந்து ஆடுகிறவர்கள் கவனிக்க! விடுமுறையில் ஏறிய நிறம் பள்ளி திறந்து சில வாரங்களில் தானே இறங்கும்.

வியர்வைக் காலத்தில் சிலருக்குத் தேமல் படரும். அது தோலில் ஏற்கெனவே இருக்கும் காளான் பெருகுவதால் வருவது. மேலே பவுடரைப் பூசி மறைத்தால் தீராது, மருந்து வேண்டும். மார்கழியில் உதடு வெடித்தால் தேங்காய் எண்ணெயோ நெய்யோ தடவுங்கள், நாக்கால் ஈரப்படுத்தினால் இன்னும் வெடிக்கும்.

மருதாணியைப் பற்றி நிறைய எழுத ஆசை, இடம் இல்லை. பள்ளியில் நகப்பூச்சுக்கு அனுமதி கிடையாது. மருதாணி வைத்த கையைச் சிஸ்டர்கள் காணாததுபோல் போய்விடுவார்கள். இலையைக் கொஞ்சம் புளியோ எலுமிச்சைச் சாறோ விட்டு அரைத்தால் சாயம் நன்றாக இறங்கும். எடுத்தவுடன் ஆரஞ்சு நிறமாக இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் காற்றுப் பட்டுக் கருஞ்சிவப்பாகும். ஆகவே விழாவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி' மருதாணியே அல்ல. தலைச்சாயத்தில் சேர்க்கும் ரசாயனத்தை அதில் கலப்பார்கள். கொப்புளித்துத் தழும்பு விழுந்துவிடும்.

குங்குமத்தின் வித்தை எங்கள் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். மஞ்சள் பூசிக் குளித்த மறுநாள் சீருடைக் காலரில் சோப்புப் போட்டதும் சிவப்புக் கறை தெரிவதும் அதே வித்தைதான். எனவே விழா முடிந்து திங்கட்கிழமை பள்ளி என்றால் ஞாயிறு இரவு மஞ்சள் வேண்டாம்.

உடையின் நிறத்துக்கு எங்கள் ஆச்சிமார் ஒரு விதி வைத்திருந்தார்கள், கறுத்த பெண் மாம்பழ மஞ்சளும் அரக்கும் உடுத்தக் கூடாது என்று. நாங்கள் மைதானத்தில் பகல் வெளிச்சத்தில் நின்று தாவணிகளை மாற்றி மாற்றித் தோளில் போட்டுப் பார்த்தோம். எங்களில் நல்ல கறுப்பானவளுக்கு மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து மூன்றும் அப்படிப் பொருந்தின! அவளை வாட்டமாகக் காட்டியது, எல்லாரும் அவளுக்கு வாங்கிக் கொடுக்கும் வெளிறிய ரோஜா நிறந்தான். நகை விஷயத்தில் மட்டும் ஆச்சிமார் எங்கள் கட்சி. "கறுப்புக்கு நகை போட்டுக் கண்ணாலே பாரு, ஏட்டி" என்பார்கள்.

கடைசியாக, ஒப்பனையோடு படுத்துத் தூங்கிவிடக் கூடாது. எவ்வளவு களைப்பானாலும் தேங்காய் எண்ணெயைக் கையில் விட்டு முகம் முழுவதும் தடவி, கண்ணோரத்தில் அழுத்தாமல், பழைய மெல்லிய வேட்டித் துணியால் துடைத்து, பயற்றமாவு போட்டுக் கழுவ வேண்டும். துடைத்த துணியைத் தனியாக ஊற வையுங்கள். வெள்ளைத் துண்டுகளோடு போட்டுவிட்டால் விடுதி அக்காள் மறுநாள் யார் யார் என்று பெயர் கேட்பார்கள்.