தோள் மாறிய மூட்டை

பாரத்தைச் சுமக்கத் தெரிந்தவர் நம்மிற் பலர். உரிய வேளையில் அதனை இன்னொருவர் தோளுக்கு மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். மாணவருக்குப் பாடஞ் சொல்வதையே தொழிலாகக் கொண்ட நான், இந்தப் பாடத்தை என் 46ஆம் வயதில், கடல் கடந்த ஊரொன்றில், என் சொந்தத் தம்பியிடம் கற்றுக்கொண்டேன்.

2024ஆம் ஆண்டு கல்லூரியில் இரண்டு மாத விடுமுறை பெற்று, ஜேர்மனியிலுள்ள ஹம்பேர்க் நகருக்குப் பயணமானேன். 19 வயதில் யாழ்ப்பாணத்தைவிட்டுப் புறப்பட்ட தம்பி, 22 ஆண்டுகளாக அங்கேதான் வாழ்கிறான். நான் போய்ச் சேர்ந்த மறுநாட் காலையிலேயே, "அண்ணை, நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டிக்குப் பேர் குடுத்திருக்கிறம்" என்றான். மாலைவேளைகளில் முற்றவெளியில் ஓடிப் பழகியவன் என்ற தைரியத்தில் நானும் தலையசைத்துவிட்டேன்.

அப்போட்டியின் பெயர் ஹைரொக்ஸ். 2017இல் அதே ஹம்பேர்க் நகரில் கிறிஸ்டியான் டொட்ஸ்கே, மொரிட்ஸ் பூர்ஸ்டே என்னும் இருவர் தொடங்கி வைத்தது. பூர்ஸ்டே 2008, 2012ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் ஹொக்கியில் ஜேர்மனிக்காகத் தங்கப்பதக்கம் வென்ற வீரர். வெயிலும் மழையும் படாத பெரிய மண்டபத்தினுள்ளே 1 கிலோமீற்றர் ஓடவேண்டும், ஓடியதும் ஒரு வேலை செய்யவேண்டும், மீண்டும் ஓடவேண்டும். இவ்வாறு எட்டு ஓட்டம், எட்டு வேலை.

வேலைகள் இலேசானவையல்ல. பனிச்சறுக்குக் கோலை வலிப்பதுபோன்ற பொறியில் 1000 மீற்றர். 152 கிலோகிராம் நிறையுள்ள சறுக்குவண்டியை 50 மீற்றர் தள்ளுதல். 103 கிலோகிராம் வண்டியைக் கயிற்றால் 50 மீற்றர் இழுத்தல். நெஞ்சு நிலத்திற் பட வீழ்ந்தெழுந்து, முன்னோக்கிப் பாய்ந்து 80 மீற்றர் கடத்தல். துடுப்புப் பொறியில் 1000 மீற்றர். கைக்கு 24 கிலோகிராமாக இரு கைகளிலும் இரும்புக் குண்டுகளைத் தூக்கிக்கொண்டு 200 மீற்றர் நடை. 20 கிலோகிராம் மணல்மூட்டையைத் தோளில் ஏற்றி, முழங்கால் நிலத்தைத் தொட மடிந்து மடிந்து 100 மீற்றர் நடை. ஈற்றில் 6 கிலோகிராம் பந்தை உயரத்திலுள்ள இலக்கை நோக்கி 100 முறை எறிதல்.

இருவர் சோடியாகப் பங்குபற்றும்போது எட்டு ஓட்டங்களையும் இருவரும் ஒன்றாகவே ஓடவேண்டும். வேலைகளை மாத்திரம் விரும்பியபடி பகிர்ந்துகொள்ளலாம்; ஒருவர் செய்யும்போது மற்றவர் இளைப்பாறலாம். நம் கல்லூரிகளின் அஞ்சலோட்டத்தில் கோலைக் கொடுத்தவனுடைய வேலை அத்துடன் முடிந்துவிடும். இதிலோ, இளைப்பாறியவனும் இளைத்தவனும் அடுத்த கணமே தோளோடு தோளாக ஓடியாக வேண்டும். போட்டியின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

அதை அறியாமல் முதல் ஒத்திகையில் இறங்கினேன். தம்பிக்கு முன்னால் அண்ணன் தளரலாமா? முதற் கிலோமீற்றரை 5 நிமிடத்தில் ஓடினேன். சறுக்குவண்டி செல்லும் பாதை 12.5 மீற்றர், நான்கு முறை கடக்கவேண்டும். மூன்று முறையை நானே தள்ளினேன். அவன் கைநீட்டிய போதெல்லாம், "நில், நான் செய்யிறன்" என்றேன். அதன்பின் என் கால்கள் கல்லாயின. கடைசிக் கிலோமீற்றருக்கு 8 நிமிடம் சென்றது. களைப்பே அறியாத தம்பி, என் பக்கத்தில் நடைபோல ஓடி வந்தான். நான் சேமித்துக் கொடுத்ததாக எண்ணிய அவனுடைய பலம் எவருக்கும் பயன்படவில்லை. மொத்தம் 1 மணி 41 நிமிடம்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் தம்பி கடதாசியும் பேனையும் எடுத்து வைத்தான். பேசியதோ போட்டியைப்பற்றி அல்ல.

"நீங்கள் எப்பவும் இப்பிடித்தான் அண்ணை. அம்மா ஆஸ்பத்திரியில இருந்ததைக்கூட, வீட்டுக்கு வந்தாப்பிறகுதானே எனக்குச் சொன்னீங்கள்?"

தூரத்தில் இருப்பவனை ஏன் கலங்க வைக்கவேண்டும் என்றுதான் அன்று மறைத்தேன். அதை அன்பென்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தன் தாயின் நோயிற் பங்கு மறுக்கப்பட்டவனுடைய வேதனை அவன் குரலிலே தெரிந்தபோது எனக்கு மறுமொழி வரவில்லை.

சிறிது நேரங் கழித்து அவனே கடதாசியில் எழுதத் தொடங்கினான். முதலாவது, ஓட்டத்தின் வேகம் எங்களில் மெதுவாக ஓடுபவரின் வேகமே. முதற் கிலோமீற்றரும் கடைசிக் கிலோமீற்றரும் 5 நிமிடம் 50 விநாடியாக இருக்கவேண்டும். இரண்டாவது, மூச்சு முட்டிய பின்பு அல்ல, முட்டுவதற்கு முன்பே வேலையைக் கைமாற்றவேண்டும். வண்டி ஆளுக்கு 12.5 மீற்றர், பந்து ஆளுக்குப் பத்து. ஆனால், துடுப்புப் பொறியில் பாதங்களை வாரிலிருந்து கழற்றி மாறுவதற்கு நேரம் செல்லுமாதலால் அங்கே ஒரேயொரு மாற்றம், 500 மீற்றரில். மூன்றாவது, ஓடுபாதைக்கும் வேலைத்தலத்துக்கும் இடையில் நாம் நின்று தண்ணீர் குடித்து ஆலோசனை செய்த நேரமும் கணக்கில் ஏறும். ஆகவே எதை யார் தொடங்குவதென்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

ஆறு வாரங்கள் அவ்வாறே பழகினோம். கால் தளர வேலை செய்துவிட்டு உடனே ஓடுவதை வாரத்தில் இருமுறை செய்தோம்; களைத்த காலால் ஓடுவது தனியே பழகவேண்டிய கலை. வாரம் ஒருநாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவேகத்தில் நெடுந்தூரம் ஓடினோம். அந்த ஓட்டங்களிலேதான் 22 ஆண்டுக் கதைகளையும் பேசித் தீர்த்தோம்.

போட்டி நாளில் ஏழாவது வேலை மணல்மூட்டை. அந்த மூட்டை நிலத்திற் படக்கூடாது. ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கே மாறவேண்டும். 20 மீற்றர் கடந்ததும் என் தொடைகள் நடுங்கின. இன்னும் பத்தடி போய்க் காட்டலாமே என்று பழைய புத்தி சொல்லிற்று.

"தாங்கோ அண்ணை."

தம்பி இரு கைகளையும் நீட்டியபடி என் அருகில் நடந்து வந்தான். நான் நின்று தோளைச் சாய்த்தேன். பாரம் இறங்கியது. அடுத்த 20 மீற்றர் முடிவில் அவன் எனக்குத் தந்தான். இப்படியே மாறி மாறி 100 மீற்றரையும் கடந்தோம். அன்று எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. நேரம் 1 மணி 24 நிமிடம். முன்னையிலும் 17 நிமிடம் குறைவு. எல்லைக் கோட்டைக் கடந்தபின் தம்பி என்னைக் கட்டிக்கொண்டான். விமான நிலையத்தில் விடைபெற்ற 19 வயதுப் பையனை மீண்டும் கண்டதுபோல் இருந்தது.

ஊர் திரும்பிய பின்னர், குழுவாகப் படிக்கும் மாணவரிடையே ஒருவனே எல்லாவற்றையும் செய்து மற்றவர் பார்த்திருப்பதைக் கண்டால் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. கெட்டிக்காரனைக் குறைசொல்வதற்காக அல்ல. அவன் களைத்து விழும்போது குழுவே நின்றுவிடுமே என்பதற்காக.

வீட்டிலும் ஒரு மாற்றம் உண்டாயிற்று. அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டாலும், வைத்தியர் மருந்தை மாற்றினாலும், அன்றிரவே தம்பிக்குத் தொலைபேசியிற் சொல்லிவிடுகிறேன். அத்தனை தூரத்திலிருந்து அவன் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆயினும் அவன் கேட்கிறான், யோசனை சொல்கிறான், அம்மாவோடு கதைக்கிறான். பேசி முடித்துத் தொலைபேசியை வைக்கும்போது, என் தோள் சற்றே இலேசாகி இருப்பதை உணர்கிறேன்.