முகம் மறைந்தவர்களின் கோடுகள்: சன்னி லியூவை முன்வைத்து ஒரு பண்டார் தெங்காரா நாட்குறிப்பு

ஜூலை 7, திங்கள்

மாதச் சம்பளத்துக்கு ஒரே நிறுவனத்தில் அமராமல், பதிப்பகம் பதிப்பகமாகப் பணியை ஒப்புக்கொண்டு, பக்கக் கணக்கிலோ நூல் கணக்கிலோ ஊதியம் பேசி வரைந்து கொடுப்பவரையே தன்னுரிமைச் சித்திரக்கதை ஓவியர் என்று இக்குறிப்புகள் சுட்டுகின்றன. மலேசிய மண்ணில் பிறந்து அத்தொழிலை உலக அளவில் நடத்திக்காட்டியவர்களுள் சன்னி லியூவின் வரலாறே மிக நெருங்கிப் படிக்கத் தக்கது. 1974-இல் சிரம்பானில் பிறந்து சிறு வயதிலேயே சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்த இவர், கேம்பிரிட்ஜில் தத்துவமும் பின்னர் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் ஓவியமும் பயின்றார்; 1995-இல் சிங்கப்பூரின் 'தி நியூ பேப்பர்' நாளிதழில் 'ஃபிராங்கி அண்ட் பூ' என்னும் கட்டத்தொடரை வரைந்தது இவருடைய தொடக்கமாயிற்று. கட்டத்தொடர் என்பது மூன்று நான்கு கட்டங்களுக்குள் ஒரு நாளைக்குரிய செய்தியைச் சொல்லி முடிக்கும் நாளிதழ் வடிவம்.

இவருடைய நூல்கள் இவ்வாரம் முழுவதும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பண்டார் தெங்காராவில் வைத்துப் படிக்கப்படுகின்றன. மலாய் மொழியில் 'பண்டார்' நகரம், 'தெங்காரா' தென்கிழக்கு. 1972-இல் நிறுவப்பட்ட ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியமாகிய கேஜோரா, காட்டை அழித்துச் செம்பனை நட்டு, இடையிடையே குடியிருப்புகளை எழுப்பிய திட்டத்தின் பகுதியாகத் தோன்றிய ஊர் இது. அதாவது, முதலில் தாளில் வரையப்பட்டு அதன் பிறகே மண்ணில் நின்ற ஊர். கோடு முதலில் வருகிறது, வாழ்க்கை அதற்குள் வந்து குடியேறுகிறது என்னும் உண்மையை இங்குள்ள நேர்த்தெருக்கள் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பதால், வரையப்பட்ட வரலாற்றைப் பற்றி எண்ணிப்பார்க்க இவ்வூர் பொருத்தமாகவே இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

அமெரிக்க மாத இதழ் முறையில் ஒரு சித்திரக்கதை பல கைகளைக் கடந்தே உருவாகிறது: ஒருவர் கதையும் உரையாடலும் எழுத, ஒருவர் பென்சிலால் கட்டம் பிரித்து வரைய, மற்றொருவர் மை தீட்ட, வேறொருவர் வண்ணமிட, இறுதியாக ஒருவர் பேச்சுக்குமிழ்களுக்குள், அதாவது பாத்திரத்தின் வாயிலிருந்து எழும் வெண்ணிற வட்டங்களுக்குள், எழுத்துகளைப் பொறிக்கிறார். லியூ இவ்வரிசையில் பல இடங்களில் நின்றிருக்கிறார். 2004-இல் மைக் கேரி எழுதிய 'மை ஃபெய்த் இன் ஃபிராங்கி' தொடரில் பென்சில் வேலை இவருடையது, மை மார்க் ஹெம்பலுடையது. 2010-இல் மார்வல் நிறுவனத்துக்காக ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலைப் படக்கதையாக்கும் பணியில் ஓவியப் பொறுப்பு இவருக்கு வந்தது. டிசி நிறுவனத்தின் 'டாக்டர் ஃபேட்' தொடரை 2015 முதல் பால் லெவிட்ஸின் எழுத்துக்கு வரைந்தார்.

இவற்றை விட நெடுநேரம் கையில் நிற்பது, ஜீன் லுவென் யாங் எழுதி லியூ வரைந்து 2014-இல் வெளிவந்த 'தி ஷேடோ ஹீரோ'. இதன் வேர் 1944-இல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வெளிவந்த 'பிளேசிங் காமிக்ஸ்' இதழில் சூ ஹிங் என்னும் சீன அமெரிக்க ஓவியர் 'பச்சை ஆமை' என்றொரு வீரனை உருவாக்கினார். அவ்வீரனின் முகம் எந்த இடத்திலும் முழுமையாகத் தெரிவதில்லை. முதுகு காட்டி நிற்கிறான், மேலங்கி குறுக்கே பறக்கிறது, ஓங்கிய கை முகத்தை மறைக்கிறது, ஏதேனும் ஒரு நிழல் விழுகிறது. தம் வீரன் சீனனாக இருக்க வேண்டுமென்று ஓவியர் விரும்பியதாகவும், பதிப்பாளர் அதற்கு இசையாததால் முகத்தையே காட்டாமல் வரைந்து வந்ததாகவும் ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்குகிறது. உறுதியான சான்று இல்லாவிடினும், பக்கங்களைப் புரட்டும் எவருக்கும் அது நம்பத்தகுந்ததாகவே படும். எழுபது ஆண்டுகளுக்குப் பின் யாங்கும் லியூவும் அவனுக்கு ஒரு தாயையும், ஒரு மளிகைக்கடையையும், ஒரு சீன முகத்தையும் கொடுத்தார்கள். பிறர் உருவாக்கிய பாத்திரத்தை ஏற்றுச் செய்யும் கூலிப்பணி என்று இதனை ஒதுக்க இயலாது. முன்னோடியின் கை எங்கே தடுக்கப்பட்டதோ அங்கிருந்து கோட்டைத் தொடர்ந்து இழுத்த செயல் அது. லியூவின் பிற்காலப் பெருநூலுக்கான திறவுகோலும் இங்கேயே கிடைக்கிறது.

ஜூலை 10, வியாழன்

'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்' 2015-இல் சிங்கப்பூரின் எபிகிராம் புக்ஸ் வெளியீடாக வந்தது. கிராஃபிக் நாவல், அதாவது இதழ்த் தொடராகச் சிதறாமல் நூலளவில் எழுதி வரையப்பட்ட சித்திரக்கதை, என்னும் வகையில் இது அடங்கும். 1938-இல் பிறந்து, வாழ்நாள் முழுவதும் வரைந்தும் புகழ் காணாத சார்லி சான் ஹாக் சாய் என்னும் சிங்கப்பூர் ஓவியரின் வாழ்க்கை வரலாறாகவும் படைப்புத் தொகுப்பாகவும் நூல் தன்னை முன்வைக்கிறது. அப்படி ஓர் ஓவியர் வாழ்ந்ததில்லை. அவர் வரைந்ததாகக் காட்டப்படும் மஞ்சளேறிய தாள்கள், ஓரம் கிழிந்த இதழ் அட்டைகள், எண்ணெய் வண்ண ஓவியங்கள், பென்சில் குறிப்புகள் அனைத்தும் லியூவின் கைவேலையே.

வெகுமக்கள் கலையின் தாக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்நூலில் தனிப் பொருள் பெறுகிறது. பெரும்பாலான ஓவியர்கள் இளமையில் பார்த்து வியந்தவற்றைப் பின்பற்றத் தொடங்கி, காலப்போக்கில் அவற்றின் சாயலை மறைத்துத் தமக்கென ஒரு நடையை அமைத்துக்கொள்கிறார்கள். லியூ சாயலை மறைக்க முயல்வதே இல்லை. ஒவ்வொரு சாயலையும் அதன் ஆண்டோடும் அது புறப்பட்ட நாட்டோடும் பக்கத்தின் மேலேயே நிறுத்துகிறார். சார்லியின் இளமைப் படைப்பாகிய 'ஆ ஹுவாட்டின் இராட்சத இயந்திரம்' ஜப்பானின் ஒசாமு தெசுகா, மிட்சுதெரு யோகோயாமா ஆகியோரின் வட்டக் கண்களையும் இயந்திர மனிதனையும் நினைவூட்டும் நடையில் வரையப்பட்டுள்ளது. சிறுவன் ஒருவன் கண்டெடுக்கும் அவ்வியந்திரம் ஆங்கிலக் கட்டளைக்கு அசைவதில்லை, சீனத்தில் சொன்னால் எழுந்து நடக்கிறது. 1954 மே 13-இல் சீனப் பள்ளி மாணவர்கள் கட்டாயப் படைச்சேவைப் பதிவை எதிர்த்துக் காவல்துறையோடு மோதியதும், 1955 மே மாதம் ஹாக் லீ பேருந்துத் தொழிலாளர் போராட்டம் கலவரமாக மாறியதும் அக்காலத்துச் சிங்கப்பூரின் செய்திகள். ஆள்வோரின் மொழி ஒன்று, தெருவில் திரண்டவர்களின் மொழி மற்றொன்று என்னும் பெரிய சிக்கலை, பொம்மை போன்ற ஓர் இரும்புருவம் யாருக்குத் தலையசைக்கிறது என்னும் ஒரே கேள்விக்குள் இக்கதை அடக்கிவிடுகிறது.

அடுத்து வரும் 'இன்வேஷன்', 1950-இல் பிரிட்டனில் தொடங்கிய 'ஈகிள்' வார இதழில் ஃபிராங்க் ஹாம்ப்சன் வரைந்த 'டான் டேர்' விண்வெளிக் கதைகளின் பளபளப்பான நடையைக் கடன் வாங்குகிறது. அங்கே பிரிட்டிஷ் வீரன் வேற்றுலகத்தாரிடமிருந்து மனிதகுலத்தைக் காக்கிறான். இங்கே வேற்றுலகத்தார் பூமியை ஆள்கிறார்கள், மனிதர்கள் அவர்களிடம் தன்னாட்சி கேட்டு நிற்கிறார்கள். ஆண்டவர்களின் சிறுவர் இதழிலிருந்து எடுத்த வண்ணங்களைக் கொண்டே ஆளப்பட்டவர்களின் நிலை வரையப்படும்போது, அந்த நடை தானாகவே ஒரு வாதமாகிவிடுகிறது. 'ரோச்மேன்' தொடரிலோ, மலவாளி சுமக்கும் தொழிலாளி ஒருவன் கரப்பான்பூச்சி கடித்ததால் வல்லமை பெறுகிறான். சிலந்தி கடித்த அமெரிக்க இளைஞனை உலகம் 1962 முதல் அறியும். ஆனால் சிங்கப்பூரில் மலவாளி முறை 1987-இல்தான் முற்றாக முடிவுக்கு வந்தது என்பதை அறிந்து படிப்பவருக்கு, நகரத்தின் அழுக்கை இரவில் சுமந்து விடியுமுன் மறைந்துபோன அம்மனிதர்கள் முகமூடி அணியாமலேயே முகமற்றிருந்தவர்கள் என்பது உறைக்கும்.

'புக்கிட் சாப்பாலாங்' என்னும் பகுதி அமெரிக்கரான வால்ட் கெல்லியின் 'போகோ' கட்டத்தொடரைப் பின்பற்றுகிறது. சதுப்புநிலத்து விலங்குகளைப் பேசவைத்துத் தம் காலத்து அரசியலைக் கெல்லி விமரிசித்ததுபோல, இங்கே காட்டு விலங்குகளைக் கொண்டு சிங்கப்பூரும் மலாயாவும் இணைந்த பேரம் சொல்லப்படுகிறது. 'சாப்பாலாங்' என்பது பேச்சு வழக்கில் எல்லாம் கலந்து கிடப்பதைக் குறிக்கும் சொல். சிங்கப்பூர்த் தலைவர் லீ குவான் யூ சருகுமானாக வருகிறார். மலாய்க் கதை மரபில் தன்னினும் பெரிய விலங்குகளை அறிவால் வெல்லும் சாங் காஞ்சில் என்னும் சருகுமானை அறியாத மலேசியப் பிள்ளை இல்லை. அமெரிக்கச் சதுப்பிலிருந்து வந்த நடை இவ்விடத்தில் நம்மூர்ப் பாட்டி கதைக்குள் கால் பதித்துவிடுகிறது. நூலின் மிக அழகிய கலப்பு இதுவே என்று துணிந்து கூறலாம்.

ஜூலை 11, வெள்ளி

இந்நூலுக்கு வழங்கியிருந்த 8,000 சிங்கப்பூர் வெள்ளி மானியத்தைத் தேசியக் கலை மன்றம் 2015 மே இறுதியில் திரும்பப் பெற்றது. அரசின் அதிகாரத்தையும் அதன் பொது நிறுவனங்களின் ஏற்புடைமையையும் நூலின் உள்ளடக்கம் குலைக்கக்கூடும் என்பது அம்மன்றம் காட்டிய காரணம். அச்சாகிவிட்ட படிகளில் மன்றத்தின் சின்னத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்து விற்பனைக்கு அனுப்பினார்கள். முதல் அச்சுப் படிகள் விரைவில் தீர்ந்தன. 2016-இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசின் ஆங்கிலப் புனைவுப் பிரிவில் இந்நூல் வென்றது. 2017-இல் ஐஸ்னர் விருதுகளுள், அதாவது அமெரிக்கச் சித்திரக்கதை முன்னோடி வில் ஐஸ்னரின் பெயரால் ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதுகளுள், மூன்றைப் பெற்றது.

ஜூலை 13, ஞாயிறு

நூலின் நடுநாயகமாக நிற்கும் சிங்கப்பூர் அரசியல் தலைவர் லிம் சின் சியோங் இவ்வூருக்கு அயலவர் அல்லர். 1933-இல் சிங்கப்பூரில் பிறந்த அவர் குழந்தைப் பருவத்தைக் கழித்தது இதே ஜொகூரின் பொந்தியானில். 1955-இல் இருபத்திரண்டு வயதில் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, மறு ஆண்டே சிறை சென்று, 1963 பிப்ரவரி 2-இல் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சிறைப்படுத்திய 'கோல்ட்ஸ்டோர்' நடவடிக்கையில் மீண்டும் பிடிபட்டவர். அவர் தலைமை அமைச்சரான மாற்றுலகம் ஒன்றையும் சார்லியின் கையால் லியூ வரைகிறார். அவ்வுலகில் சார்லியும் புகழ்பெற்ற ஓவியர். நடந்த வரலாற்றுக்குப் பக்கத்தில் நடக்காத ஒன்றை வைத்துக் காட்டுவது வெறும் கற்பனை விளையாட்டாக முடிவதில்லை. எது எதையெல்லாம் இழந்து இன்றைய நிலை வந்தது என்று கணக்குப் பார்க்க வேறு வழி ஓவியருக்கு இல்லை.

சிங்கப்பூரும் மலேசியாவும் 1965 ஆகஸ்ட் 9-இல் பிரிந்தன என்பது ஏட்டு வரலாறு. ஆயினும் 1962-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 2061 வரை ஜொகூர் ஆற்று நீர் சிங்கப்பூருக்குச் செல்கிறது. அவ்வாற்றின் ஓட்டத்தைச் சீர்செய்யும் லிங்கியு நீர்த்தேக்கம் இவ்வூரை அடுத்த கோத்தா திங்கி மாவட்டத்தில் இருக்கிறது. 'புக்கிட் சாப்பாலாங்' விலங்குகளின் பேரம் இப்பகுதி மக்களுக்குப் பழங்கதையாகத் தோன்றாததன் காரணம் அதுவே.

தமிழ் வாசகர் இந்நூலோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டிய பெயர்களும் உள்ளன. இந்திய தேசிய இராணுவத்தில் போரிட்டு, சிங்கப்பூரில் சிறையிருந்தபோது மலாயாப் பொருளாதார உடைமை குறித்து நூல் எழுதிய ஜேம்ஸ் புதுச்சேரி ஒருவர். இந்தியத் தொழிலாளர் திரளாகப் பணியாற்றிய கடற்படைத் தளத்தின் தொழிற்சங்கத்தை நடத்திய எஸ். வூட்ஹல் மற்றொருவர். இருவரும் லிம்மோடு ஒரே காலத்தில், ஒரே மேடையில், ஒரே கைது நடவடிக்கையில் இருந்தவர்கள். சீன இளைஞர்களின் அரசியல் விழிப்பை இத்தனை நுட்பமாக வரைந்த ஒரு நூல் இருக்க, தோட்டத்தையும் துறைமுகத்தையும் சயாம் மரண இரயில் பாதையையும் இதே ஆழத்தில் தமிழ்க் கை ஒன்று நூலளவில் வரைந்து காட்ட வேண்டும் என்னும் ஏக்கம் இப்பக்கங்களைப் படிக்கப் படிக்க வளர்கிறது.

ஜூலை 14, திங்கள்

லியூவின் பிற்காலப் பணிகளுள் ஒன்று, 2020-இல் கொரோனா தொற்றின்போது தொற்றுநோய் வல்லுநர் சூ லி யாங்கோடு சேர்ந்து உருவாக்கிய முயல்-பூனைக் கதைகள். கிருமி பரவும் முறையையும் தடுப்பின் தேவையையும் இரு விலங்குகளின் உரையாடலாக அவை விளக்கின. புக்கிட் சாப்பாலாங்கின் விலங்குகள் மருத்துவச் செய்தி சொல்ல வந்துவிட்டன என்று கொள்ளலாம்.

கடன் வாங்கிய கோடு என்பது தமிழுக்குப் புதிதன்று. 1972-இல் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. 1984-இல் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. மாயாவியின் மூலம், பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் 1962 முதல் வந்த 'தி ஸ்டீல் கிளா'. வரைந்தவர் ஸ்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அங்கே கோடு அப்படியே நிற்க, குமிழுக்குள்ளிருந்த மொழி மட்டும் மாறிற்று. ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வெட்டப்பட்ட வெண்ணிற வட்டத்துக்குள் நீண்ட தமிழ்ச் சொற்கள் விளிம்பு முட்ட நெருங்கி நின்றன. லியூ செய்தது இதன் மறுபாதி: குமிழுக்குள் இருப்பது அவருடைய ஊரின் பேச்சு, குமிழைச் சுற்றி இருப்பது உலகத்தின் கோடு. முதற்பாதியை அரை நூற்றாண்டாகப் பழகிய தமிழ் வாசகருக்கு மறுபாதி எட்டாத தொலைவில் இல்லை.

மாயாவியின் உடலில் மின்சாரம் பாய்ந்ததும் அவன் முழுவதும் மறைந்துபோக, இரும்புக்கை மட்டும் வெளியில் மிதக்கும். சார்லி சானைப் போல ஒரு தமிழ் ஓவியரையும் எவரேனும் கற்பித்து, சிவகாசி இதழைத் தோட்ட வீட்டின் விளக்கடியில் படித்து வளர்ந்த சிறுவனாக அவரைத் தொடங்கினால், அச்சிறுவன் வரையும் முதற்பக்கத்தை இங்கிருந்தே காண முடிகிறது: வரிசை வரிசையாகச் செம்பனை மரங்கள், தரையெங்கும் சிதறிய செந்நிற உதிரிப் பழங்கள், ஆள் தெரியாமல் அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் போடும் ஒரு கை.