114-வது தகடு

இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வராது; வந்தாலும் அட்டையும் கடைசிப் பக்கமும் கூட வருவதில்லை என்பது அனுபவஸ்தர்கள் கண்ட உண்மை. ஆனால் இரவல் கொடுத்த மனிதனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, "பாக்கியை எங்கே ஒளித்து வைத்தாய்?" என்று விசாரணை நடத்திய விபரீதத்தை நேயர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த விசாரணையை நடத்திய நீதிபதி வேறு யாருமல்ல, நாமேதான். தீர்ப்பு எவ்வளவு தவறானது என்பது நமக்குத் தெரிய வந்து வெகு காலமாகிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை வருஷம் பிடித்தது.

1993-ம் வருஷம், நாம் ஒன்பதாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தோம். நமது சிற்றப்பா ஆடிட்டர். அவருடைய காரியாலயத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் அது பிறருடைய வரவு செலவுகளைக் கூட்டிக் கழித்துக் கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சிற்றப்பா கண்ணயரும் இரண்டு மணி நேரம் மட்டும் அது நமது ராஜ்யம்.

அந்த ராஜ்யத்துக்கு ஒரு புதையலைக் கொண்டு வந்து சேர்த்தவன் நமது வகுப்புத் தோழன். அவனுடைய மாமா அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்திருந்தார். தோழன் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆகையால் பெட்டியை நம்மிடம் கொடுத்து, "நீ முதலில் ஆடிப் பார்த்துச் சொல்லு; அப்புறம் நானும் வருகிறேன்" என்றான். இதைவிடப் பெருந்தன்மை உலகத்தில் உண்டா? அப்போது நமக்கு அது பெருந்தன்மையாகத் தோன்றவில்லை. நியாயமான ஏற்பாடாகவே தோன்றியது.

"தி ஸீக்ரெட் ஆப் மங்கி ஐலண்ட்", அதாவது குரங்குத் தீவின் ரகசியம் என்பது விளையாட்டின் பெயர். சினிமா டைரக்டர் ஜார்ஜ் லூகாஸின் ஸ்தாபனத்தைச் சேர்ந்த லூகாஸ்பிலிம் கேம்ஸ் என்ற பிரிவு கலிபோர்னியாவில் தயாரித்து 1990-ல் வெளியிட்டது. ரான் கில்பர்ட் என்பவர் தலைமை வகிக்க, டிம் ஷேபர், டேவ் கிராஸ்மன் என்ற இரு இளைஞர்கள் அவருடன் சேர்ந்து எழுதினார்கள். இது சுட்டுத் தள்ளும் விளையாட்டு அல்ல. கதைக்குள்ளே புகுந்து, கண்ட பொருளை எடுத்து, காணும் மனிதரிடம் பேசி, மூளையைக் கசக்கி முன்னேற வேண்டிய சாகஸ விளையாட்டு. கடற்கொள்ளைக்காரனாக ஆக வேண்டும் என்று ஆசைப்படும் கைப்ரஷ் என்ற அப்பாவிப் பையன்தான் கதாநாயகன். அந்த நாளில் இதே ரகத்தைச் சேர்ந்த வேறு விளையாட்டுகளில் ஓர் அடி தப்பாக வைத்தால் கதாநாயகனுக்கு மரணம் நிச்சயம். கில்பர்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. ஆடுகிறவர் தவறு செய்தாலும் சிரித்துவிட்டு மறுபடியும் முயல வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கத்திச் சண்டை வந்தால்கூட அங்கே ஜயிப்பது வாள் அல்ல, வாய்தான். எதிரியின் வசவுக்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்பவனுக்கே வெற்றி.

பெட்டிக்குள்ளே 'பிளாப்பி' என்று சொல்லப்படும் சதுரத் தகடுகள் சிலவும், ஓர் அட்டைச் சக்கரமும் இருந்தன. சக்கரத்தைச் சுற்றினால் கொள்ளைக்காரன் ஒருவனுடைய நெற்றியும் மற்றொருவனுடைய மோவாயும் ஒன்று சேரும். திரையில் தோன்றும் முகத்தைச் சக்கரத்தில் அமைத்து, அதில் தெரியும் வருஷத்தைத் தட்டினால்தான் ஆட்டத்துக்குள் நுழையலாம். விளையாட்டைக் களவாக நகல் எடுப்பவர்களைத் தடுக்க அப்படி ஓர் உபாயம் செய்திருந்தார்கள். அந்தச் சக்கரத்தை நாம் கணக்குப் புஸ்தகத்துக்குள் வைத்து, கணக்கைக் காட்டிலும் பத்திரமாகப் பாதுகாத்தோம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆனந்தமாகக் கழிந்தன. நான்காவது வாரம் கைப்ரஷ் ஒரு காட்டில் அலைந்து கொண்டிருந்தபோது, வெட்டப்பட்ட அடிமரம் ஒன்றைக் கண்டோம். அதை உற்றுப் பார்க்கும்படி கட்டளையிட்டோம். உள்ளே ஒரு சுரங்கம் தெரிவதாகவும், அது பூமிக்கடியில் எங்கெங்கோ போவதாகவும் அவன் ஆச்சரியப்பட்டான். நமக்கு நெஞ்சு படபடத்தது. இறங்கச் சொன்னோம். உடனே, 22-வது தகட்டைப் போடும்படி கம்ப்யூட்டர் உத்தரவிட்டது.

தகடுகளை எண்ணினோம். பத்துக்கூட இல்லை. மேலே தட்டினோம். 36-வது தகடு வேண்டும் என்றது. மறுபடியும் தட்டினோம். 114-வது தகடு வேண்டுமாம்! கடைசியில் கைப்ரஷ், அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டியதுதான் என்று சலித்துக் கொண்டு வந்த வழியே போனான். அவன் விட்டாலும் நாம் விடுவோமா?

மறுநாள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் விசாரணை ஆரம்பமாயிற்று.

"பாக்கித் தகடுகள் எங்கேடா?"

"எந்தத் தகடு? இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேனே!"

"114-வது தகட்டைக் கேட்கிறது. நீ கொடுத்தது பத்துக்கூடத் தேறாது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. ஆகையால் நீதான் பொய் சொல்லுகிறாய்."

இந்தத் தர்க்கம் நமக்கு அசைக்க முடியாததாகத் தோன்றியது. நாலு பையன்கள் சுற்றி நின்று கேட்டார்கள். அவனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. வாய் பேசாமல் நம்முடன் காரியாலயத்துக்கு வந்து பெட்டியை வாங்கிக் கொண்டு போனான். அடிமரத்தை மறந்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருந்தால் முடிவுவரை போயிருக்கலாம். ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் அவனுடைய தகப்பனாருக்கு வெளியூருக்கு மாற்றலாயிற்று. போகும்போது அவன் சொல்லிக் கொள்ளவில்லை. நாமும் போய்ப் பார்க்கவில்லை.

காலம் ஓடியது. சாகஸ விளையாட்டுகளுக்கும் மவுசு குறைந்தது. லூகாஸ் ஸ்தாபனத்தார் தயாரிப்பில் இருந்த ஒன்றை 2004-ல் பாதியில் கைவிட்டார்கள். மனம் வெறுத்து வெளியேறிய ஊழியர்கள் சிலர் அதே வருஷத்தில் டெல்டேல் கேம்ஸ் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, பழைய கதைகளுக்கு உயிர் கொடுக்க முற்பட்டார்கள். குரங்குத் தீவின் கதையையும் 2009-ல் ஐந்து பாகங்களாக வெளியிட்டார்கள். அதே வருஷத்தில் பழைய விளையாட்டும் புதிய சித்திரங்களுடன் வெளிவந்தது. அதில் ஒரு விசையைத் தட்டினால் புதுச் சித்திரம் மறைந்து 1990-ம் வருஷத்துச் சித்திரம் தோன்றும். இந்த ஏற்பாட்டைப் பற்றி ரஸிகர்கள் தங்களுக்குள் செய்த விவாதங்களை ஆவலுடன் படித்து வந்தோம். அப்போதுதான் நமது தலையில் இடி விழுந்தது.

அந்த அடிமரம் ஒரு வேடிக்கை! சுரங்கமும் கிடையாது, 22-வது தகடும் கிடையாது, 114-வது தகடும் கிடையாது. ஆட்டத்தின் நடுவே தகட்டை மாற்று, தகட்டை மாற்று என்று கம்ப்யூட்டர் பிராணனை வாங்குகிறதல்லவா? அதைப் பரிகாசம் செய்து கில்பர்ட் கோஷ்டியார் வைத்த விளையாட்டு அது. அமெரிக்காவிலேயே பலர் அதை மெய்யென்று நம்பி, தகடு குறைகிறதென்று ஸ்தாபனத்துக்கு டெலிபோன் செய்தார்களாம். தொல்லை தாங்காமல், பின்னால் வந்த பதிப்பில் அந்த வேடிக்கையையே எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்ற நமது சித்தாந்தம் என்னவாயிற்று? பொய் சொன்னது கம்ப்யூட்டர். தண்டனை அடைந்தவன் தோழன்.

உடனே அவனைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டோமா? இல்லை. "சிறுபிள்ளை விவகாரம், இதற்குப் போய் என்ன!" என்று சமாதானம் சொல்லிக் கொண்டோம். குற்றம் செய்ய ஒரு நிமிஷம் போதும். மன்னிப்புக் கேட்க மட்டும் நல்ல நாள் பார்க்கத் தோன்றுகிறது.

இதற்கிடையில் ரஸிகர்களின் பக்தி எவ்வளவு ஆழமானது என்பதை உலகம் கண்டது. டிம் ஷேபர் 2012-ல் பழைய முறையில் ஒரு சாகஸ விளையாட்டுத் தயாரிக்கப் போவதாகச் சொல்லி, 4 லட்சம் டாலர் வேண்டும் என்று ஜனங்களிடம் கையேந்தினார். 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். ஆனால் பக்தி முற்றினால் வழக்குத் தொடுக்கும் என்பதை 2022-ம் வருஷம் காட்டியது.

அந்த வருஷம் ஏப்ரலில், கில்பர்ட்டும் கிராஸ்மனும் குரங்குத் தீவுக்குத் திரும்பப் போவதாக அறிவித்தார்கள். 1991-ல் வெளியான இரண்டாம் பாகத்துக்குப் பிறகு கில்பர்ட் தாமே தலைமை வகித்துச் செய்யும் முதல் பாகம் இதுவே. ரஸிகர்கள் குதூகலித்தார்கள். பிறகு சித்திரங்கள் வெளியாயின. ரெக்ஸ் கிரௌல் என்ற சித்திரக்காரர், காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியது போன்ற கோணல்மாணலான புதுப் பாணியில் வரைந்திருந்தார். வந்ததே கோபம்! "இது எங்கள் தீவு அல்ல" என்றார்கள். இன்னொரு பாகம் எழுதினால் பழைய பாணியிலேயே செய்வேன் என்று 2013-ல் கில்பர்ட் எழுதியிருந்ததைத் தேடியெடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அந்தப் பழைய சித்திரங்கள் வரைந்த காலத்தில் பழைய பாணியாக இருக்கவில்லை, அன்றைக்கு அதுவே புத்தம் புதியது என்று அவர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்பது? வாதம் வசவாக மாறியது. அவருடைய விளையாட்டில் வசவுக்காவது ஒரு சாமர்த்தியம் வேண்டும். இந்த வசவுகளில் அதுவும் இல்லை. மனம் கசந்து, இனி இதைப் பற்றி எழுதப் போவதில்லை என்று அவர் ஒதுங்கிக் கொண்டார்.

நேயர்களே, நாம் மட்டும் உத்தமர் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தச் சித்திரங்களைப் பார்த்த அன்று நமக்கும் ஏமாற்றம் பொங்கியது. கில்பர்ட்டுக்கு இரண்டு பக்கம் காரசாரமாக எழுதினோம். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, ஒரு வாக்கியத்தில் கண் நின்றது. எங்களிடம் இருந்த ஏதோ ஒன்றை நீங்கள் கொடுக்காமல் வைத்துக் கொண்டிருக்கிறீர்கள் என்று அதில் எழுதியிருந்தோம்.

வேப்பமரத்தடியில் பேசிய அதே குரல்தான் இது! எதைக் கேட்கிறோம்? கில்பர்ட் அந்தப் பெட்டிக்குள் வைத்தது சில தகடுகள்தான். ஞாயிற்றுக்கிழமைப் பகலையும், சிற்றப்பாவின் குறட்டையையும், பதினான்கு வயதையும், பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தன் முறைக்குக் காத்திருந்த தோழனையும் அவர் உள்ளே வைக்கவில்லை. நாம் இப்போது அவரிடம் கேட்பது 114-வது தகடு. கொடுக்க அவரிடம் அது என்றைக்கும் இருந்ததில்லை.

கடிதத்தைக் கிழித்துப் போட்டோம். தோழனைத் தேட ஆரம்பித்தோம். பழைய வகுப்புத் தோழர்கள் மூவரை விசாரித்ததில் டெலிபோன் நம்பர் கிடைத்தது. கூப்பிட்டுப் பெயரைச் சொன்னதும், "அடே, நீயா?" என்றான். முப்பது வருஷம் ஒரு நொடியில் கரைந்தது. அடிமரத்தின் கதையைச் சொல்லி, நமது தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக் கொண்டோம்.

வெகு நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "நிஜமாகவே அந்தத் தகடு கிடையாதா?" என்று கேட்டான்.

"கிடையவே கிடையாது."

"நீ சொன்னதை நான் நம்பிவிட்டேன்டா. வீடெல்லாம் தேடினேன். மாமா அடுத்த தடவை வந்தபோது, 'பாக்கித் தகட்டை ஏன் கொடுக்கவில்லை?' என்று கேட்டுவிட்டேன். ஆசையாய் வாங்கி வந்தவரைப் பார்த்து அப்படிக் கேட்டேன். அவருக்கு மனசு நொந்து போயிற்று. அப்புறம் எனக்கு ஒன்றும் வாங்கி வந்ததில்லை. அவர் காலமாகி ஆறு வருஷமாகிறது."

நாம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றல்ல, இரண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டாவதைக் கேட்க வழியில்லை. 2009-ல் உண்மை தெரிந்தபோதே நாம் வாயைத் திறந்திருந்தால், மருமகன் மாமாவிடம் போய்ச் சொல்லியிருப்பான். அவர் சிரித்திருப்பார்.

புதிய விளையாட்டு 2022-ம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி வெளிவந்தது. தோழன் ஊரில் அவன் ஆட, நமது வீட்டில் நாம் ஆட, தினம் இரவு டெலிபோனில் ஆலோசனை நடந்தது. கைப்ரஷுக்கும் வயதாகிவிட்டது. ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து தன் மகனுக்குப் பழைய கதை சொல்லுகிறான். வழி தெரியாமல் தவிப்பவர்களுக்கு உள்ளேயே ஒரு குறிப்புப் புஸ்தகமும் வைத்திருக்கிறார்கள். சித்திரங்கள் தோழனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. நமக்கு மூன்றாவது நாள் பழகிப் போயிற்று. அதைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறோம். தீவின் ரகசியம் என்ன என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்வதாக இல்லை. ஆடித் தெரிந்து கொள்ளட்டும்.

சென்ற மாதம் தோழனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், அதே பழைய பெட்டி! "முதலில் நீ ஆடி முடி" என்று ஒரு சீட்டும் இருந்தது. அந்தத் தகடுகளைப் போட்டு ஆட இன்று நம்மிடம் யந்திரம் கிடையாது. அட்டைச் சக்கரத்தை மட்டும் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்டியை மூடி மேஜைமேல் வைத்தோம்.

தகடுகளை எண்ணவில்லை.