பொன்மலையில் சகாய அன்னை

செக் குடியரசின் வடகிழக்கில், போலந்து எல்லையை ஒட்டி அமைந்துள்ள யெசெனீக் என்னும் மலை மாவட்டத்தை இம்மாதம் நாம் காண்போம். அதன் தெற்கே 1,491 மீட்டர் உயர்ந்து நிற்கும் பிராதெத் சிகரத்தின் பெயருக்கு 'முப்பாட்டன்' என்பது பொருள்.

காடும் கல்லும் நீருமே இம்மாவட்டத்தின் செல்வங்கள். ஜூலோவாவில் கருங்கல்லும் லிப்போவாவில் பளிங்கும் வெட்டி எடுத்தனர். உழவர் குடியில் பிறந்த வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் (1799-1851) குளிர்ந்த ஊற்றுநீரைக் கொண்டே நோய் தீர்க்க முற்பட்டார். அவர் நிறுவிய நீர்ச்சிகிச்சை நிலையம் இன்றும் நோயாளரை வரவேற்கிறது.

ஸ்லாத்தே ஹோரி என்ற ஊரின் பெயருக்குப் 'பொன்மலைகள்' என்று பொருள். பல நூற்றாண்டுகள் பொன் ஈந்த அவ்வூரின் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது.

ஊருக்கு அப்பால், காட்டினுள் இருக்கிறது சகாய அன்னையின் திருத்தலம். முப்பதாண்டுப் போரின்போது (1618-1648) படைக்கு அஞ்சி ஓடிய தாயொருத்தி அங்கே மகவு ஈன்றாள் என்பது மரபு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அங்கு வாழ்ந்த ஜெர்மானிய மொழியினருள் பெரும்பாலோர் பிறந்த மண்ணினின்று வெளியேற்றப்பட்டனர். அன்னையின் ஆலயம் தனித்து நின்றது. 1973-இல் பொதுவுடைமை அரசு அதை வெடிவைத்துத் தகர்த்தது.

அந்த ஆட்சி 1989-இல் வீழ்ந்தது. அதே இடத்தில் எழுந்த புதிய ஆலயம் 1995-இல் அர்ச்சிக்கப்பட்டது. பிறவாத குழந்தைகளின் உயிர் காக்கப்பட வேண்டுமென்று திருப்பயணிகள் இன்று அங்கே மன்றாடுகின்றனர்.

அன்பர்களே, பொன் தந்த சுரங்கம் மூடிக்கிடக்கிறது. தரைமட்டமான ஆலயமோ திறந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் சேர்த்து வைப்பது இவ்விரண்டில் எது?